போலீஸ் துப்பாக்கிச் சூடு: சட்டத்தில் எல்லைக்கோடு எங்கே இருக்கிறது?

கரிசல்மண் கேட்டது:

வணக்கம். ஒவ்வொரு என்கவுன்ட்டருக்குப் பிறகும் ஒரே வாக்குவாதம்தான் நடக்கிறது. "கட்டுப்பாடெல்லாம் ஏற்கெனவே இருக்கிறது, யாரும் மதிப்பதில்லை" என்கிறது ஒரு தரப்பு. "சட்டமே ஓட்டை, புதிதாக ஒன்று கொண்டுவர வேண்டும்" என்கிறது இன்னொரு தரப்பு. எங்கள் வாசகர் வட்டத்துக்காக இதைப் பற்றி ஒரு சிறு கையேடு தயாரிக்கிறோம். உணர்ச்சிப் பேச்சாக இல்லாமல் பிரிவு எண்ணோடும் நடைமுறையோடும் எழுத வேண்டும்.

மூன்று கேள்விகள். எந்தச் சட்டப் பிரிவு சுட அனுமதிக்கிறது, எந்த இடத்தில் நிறுத்தச் சொல்கிறது? "கொல்லாமல் காலில் சுட்டிருக்கலாமே" என்பது நியாயமான எதிர்பார்ப்பா? சுட்ட பிறகு நடக்க வேண்டியவை எவை, அவை எங்கே சறுக்குகின்றன?

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

நீதிமன்றத் தாழ்வாரம் பதில்:

முதலில் இரண்டு சூழலைப் பிரித்துக்கொள்ளுங்கள். கூட்டத்தைக் கலைக்கச் சுடுவது ஒன்று. ஓர் ஆளைப் பிடிக்கப் போய்ச் சுடுவது வேறொன்று. இரண்டையும் ஒன்றாகக் கலந்து பேசுவதால்தான் பாதி விவாதம் திசைமாறுகிறது.

ஆளைப் பிடிப்பதற்கு பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 43வது பிரிவு. கைதாக மறுத்தாலோ தப்ப முயன்றாலோ தேவையான எல்லா வழிகளையும் கையாளலாம் என்று 43(2) சொல்கிறது. உடனே 43(4) கடிவாளம் போடுகிறது: மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றம் சாட்டப்படாத ஒருவரின் உயிரைப் பறிக்க இந்தப் பிரிவு உரிமை தரவில்லை. 2024 ஜூலைக்கு முன்பு இது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 46(3). இதைத் தலைகீழாகப் படித்து, "கொலைக் குற்றம் சாட்டப்பட்டவன் என்றால் சுட்டுவிடலாம்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. அங்கேயும் 'தேவையான' என்ற சொல் நிற்கிறது. 2012இல் ஓம் பிரகாஷ் எதிர் ஜார்க்கண்ட் மாநிலம் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது: ஒருவர் குற்றவாளி என்பதற்காக மட்டும் அவரைக் கொல்வது போலீஸின் கடமை அல்ல, கைது செய்து விசாரணைக்கு நிறுத்துவதே கடமை.

நடைமுறையில் போலீஸ் தரப்பு நாடுவது 43ஐ அல்ல, தற்காப்புரிமையை. பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா, பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்தது) 34 முதல் 44 வரை. இது போலீஸுக்கென்று தனியாகக் கொடுத்த சலுகை கிடையாது. உங்களுக்கும் எனக்கும் உள்ள அதே உரிமை. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் இருந்தால் எதிராளியின் சாவு வரை இந்த உரிமை நீளும் (பிரிவு 38). ஆனால் தற்காப்புக்குத் தேவையானதற்கு மேல் தீங்கு செய்யக் கூடாது (37). அச்சம் தொடரும் வரைதான் உரிமையும் தொடரும் (40). அரிவாளைக் கீழே போட்டுவிட்டவர் மீதோ முதுகைக் காட்டி ஓடுபவர் மீதோ பாயும் இரண்டாவது குண்டுக்கு இந்தப் பிரிவுகளில் இடம் தேடுவது கடினம்.

தற்காப்பு என்பது விதிவிலக்கு. அப்படியென்றால் அதை நிரூபிக்கும் பொறுப்பு அதைக் கோருபவருடையது. சாட்சியச் சட்டத்தின் பழைய 105, இப்போது பி.எஸ்.ஏ. (புதிய சாட்சியச் சட்டம்) 108. கையேட்டில் இதை அடிக்கோடிடுங்கள். நிரூபிக்க ஒரு வழக்கு வேண்டும், வழக்குக்கு எஃப்.ஐ.ஆர். வேண்டும். வழக்கமாகப் பதிவாவது எது? செத்தவர் மீது, போலீஸைக் கொல்ல முயன்றதாக ஓர் எஃப்.ஐ.ஆர். குற்றம் சாட்டப்பட்டவர் உயிரோடு இல்லை, எனவே வழக்கு முடிந்தது என்று கோப்பை மூடிவிடுகிறார்கள். சுட்டவர் தற்காப்பை எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்க நேரவே இல்லை. சட்டத்தின் ஓட்டை என்று நீங்கள் கேட்பது, என் பார்வையில், சரியாக இந்த இடத்தில்தான் இருக்கிறது.

கூட்டத்துக்கு பி.என்.எஸ்.எஸ். 148. நிர்வாக நடுவர் (மாஜிஸ்திரேட்) அல்லது காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி, அவர் இல்லாதபோது உதவி ஆய்வாளருக்குக் குறையாத ஒருவர், கலைந்து போகச் சொல்லலாம். கலையாவிட்டால் பலத்தைப் பயன்படுத்தலாம். துப்பாக்கியைப் பற்றி அந்தப் பிரிவில் ஒரு சொல்கூடக் கிடையாது. ராணுவத்தை அழைக்கும் 149இல் மட்டும் 'இயன்ற அளவு குறைந்த பலம், குறைந்த சேதம்' என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். போலீஸுக்கான படிகள் எல்லாம் நிலையாணைகளிலும் மாதிரி விதிகளிலும் கிடக்கின்றன. அதைப் பயிற்சி தெரிந்தவர்கள் யாராவது விளக்கினால் நல்லது.

---

கவாத்துத்திடல் பதில்:

மேலே உள்ளவர் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன்.

கூட்டக் கலைப்பில் வரிசை இதுதான். சட்டவிரோதக் கூட்டம் என்று ஒலிபெருக்கியில் அந்த ஊர் மொழியில் அறிவிப்பது. கலைய நேரம் கொடுப்பது. பிறகு கண்ணீர்ப்புகை, தண்ணீர்ப் பீரங்கி, தடியடி. இவை எதுவும் பலிக்காமல் உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் மட்டும், "சுடப்போகிறோம்" என்று தனியாக ஓர் எச்சரிக்கை கொடுத்துவிட்டுத் துப்பாக்கி. குறி தாழ்வாக, கூட்டத்தில் மிக ஆபத்தாக நடந்துகொள்ளும் பகுதியை நோக்கி மட்டும். கூட்டம் பின்வாங்கத் தொடங்கிய நொடியில் நிறுத்த வேண்டும். உடனே காயம்பட்டவர்களுக்கு முதலுதவி, ஆம்புலன்ஸ். சுட்ட தோட்டாக்களின் காலி உறைகளைப் பொறுக்கி எண்ணிக் கணக்கு வைக்க வேண்டும்.

பலர் நம்ப மறுக்கும் ஒரு செய்தி: "முதலில் வானத்தை நோக்கிச் சுட்டிருக்கலாமே" என்பதைக் கூட்டக் கலைப்பு விதிகள் பொதுவாக ஏற்பதில்லை. தலைக்கு மேல் போகும் தோட்டா எங்கேயோ இறங்கத்தான் செய்யும். பால்கனியில் நிற்பவர் மீது, பின்வரிசையில் சும்மா வேடிக்கை பார்ப்பவர் மீது. வெற்றுத் தோட்டா வெடித்தால் "பொய்த் துப்பாக்கிதான்" என்று கூட்டம் முன்னேறும்.

எங்கே சறுக்குகிறது? பெரும்பாலும் முதல் படியிலேயே. கலைந்து போக வழி விடாமல் மூன்று பக்கமும் தடுப்பு வைத்துவிட்டு "கலையுங்கள்" என்றால் கூட்டம் எங்கே போகும்? நெரிசல்தான் மிஞ்சும். அடுத்தது ஆயுதம். 7.62 எஸ்.எல்.ஆர். (தானே தோட்டா ஏறும் ரைபிள்) போர்க்களத்துக்காகச் செய்த துப்பாக்கி. ஓர் உடலைத் துளைத்துவிட்டு அடுத்தவரையும் தாக்கும். அதைத் தெருவில் கூட்டத்துக்கு எதிரே நீட்டும்போது 'குறைந்த பலம்' என்ற பேச்சுக்கு அர்த்தமே போய்விடுகிறது. கண்ணீர்ப்புகைக் குண்டை மேல்நோக்கிச் சாய்த்து எறியாமல் நேராக ஆளைப் பார்த்து ஏவினால் அதுவும் உயிரைக் குடிக்கும். தடியைத் தலையில் இறக்கினாலும் அப்படியே.

தூத்துக்குடியை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். 2018 மே 22, ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் 100ஆவது நாள். 13 பேர் இறந்தார்கள். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. ஆட்சியர் அலுவலக வளாகப் பூங்காவில் மறைவாக நின்றும், ஓடிக்கொண்டிருந்தவர்கள் மீதும் சுட்டிருக்கிறார்கள் என்கிறது அறிக்கை. ஒரே காவலர் வெவ்வேறு இடங்களில் 17 ரவுண்டு சுட்டது பதிவாகியிருக்கிறது. ஒரு காவலர் இடம் மாறி மாறிச் சுடுகிறார் என்றால், எங்கே, யாரை, எத்தனை ரவுண்டு என்று சொல்லும் தனி உத்தரவு ஒவ்வோர் இடத்துக்கும் இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லாதபோது அது கூட்டக் கலைப்பு அல்ல.

இனி காலில் சுடுவது. இது நல்ல மனதோடு கேட்கப்படும் கேள்வி, ஆனால் விடை அவ்வளவு எளிதல்ல. ஓடும் மனிதனின் கால் சிறிய, ஓயாமல் அசையும் குறி. கைத்துப்பாக்கியால், இருட்டில், நெஞ்சு படபடக்கும்போது பத்தடியிலும் தவறும். தவறிய தோட்டா தார்ச்சாலையில் பட்டுத் தெறித்து வேறு எங்கோ போகும். தொடையில் ஓடும் பெருந்தமனி அறுந்தால் சில நிமிடங்களில் ரத்தம் வடிந்தே ஆள் போய்விடுவார். அதனால்தான் காலில் சுடுவதும் உயிர்பறிக்கும் பலப்பிரயோகமே என்று பயிற்சியில் சொல்லித் தருகிறார்கள். உயிருக்கு ஆபத்து இல்லையென்றால் காலிலும் சுடக் கூடாது. ஆபத்து இருந்தால் அதை நிறுத்துவது மட்டுமே குறிக்கோள், தண்டிப்பது அல்ல.

---

தடயம் பதில்:

சுட்ட பிறகு நடக்க வேண்டியதைத் தடய அறிவியல் பக்கமிருந்து சொல்கிறேன். பொய் என்கவுன்ட்டரையும் மெய்யான தற்காப்பையும் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் முதல் சில மணிநேரத்தில் சேகரித்த பொருள்கள்தாம்.

முதலாவது தூரம். கைத்துப்பாக்கியைத் தோலில் அழுத்திச் சுட்டால் காயத்தின் விளிம்பு கிழிந்து கருகும். ஓர் அடிக்குள் என்றால் புகைக்கரி படியும். ஏறத்தாழ மூன்றடி வரை எரியாத வெடிமருந்துத் துகள் தோலில் பச்சை குத்தினதுபோல் பதியும். அதற்கு அப்பால் எதுவும் இருக்காது. இந்த அளவுகள் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் ஏற்ப மாறும். அதனால் அதே துப்பாக்கியில், அதே வகைத் தோட்டாவைப் போட்டுச் சோதனையாகச் சுட்டு ஒப்பிட வேண்டும். "இருபதடி தூரத்திலிருந்து சுட்டுக்கொண்டே ஓடினான்" என்ற வாக்குமூலம் நிற்குமா விழுமா என்பது இதில் தெரிந்துவிடும்.

இங்கே நடக்கும் பெரிய தவறு, இறந்தவரின் சட்டையைத் தொலைப்பது. கரியும் துகளும் சட்டையில்தான் பதிந்திருக்கும், தோலுக்கு வந்திருக்காது. ரத்தச் சட்டையை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூஞ்சை பிடித்து வீணாகும். நிழலில் உலர்த்தி, மடிப்புக்கு மடிப்பு தாள் வைத்து, காகித உறையில் முத்திரையிட வேண்டும்.

இரண்டாவது கைகள். இறந்தவரும் சுட்டார் என்றால் அவர் கையில் துப்பாக்கிச் சூட்டு எச்சம், அதாவது சுடும்போது படியும் நுண்துகள், இருக்க வேண்டும். அது எளிதில் உதிர்ந்துவிடும். துடைத்தால், கழுவினால் போய்விடும். உடலைத் தூக்குவதற்கு முன்பே இரு கைகளையும் காகிதப் பையால் மூட வேண்டும். மூடாமல் வண்டியில் ஏற்றிவிட்டு, பிறகு "எச்சம் கிடைக்கவில்லை" என்று அறிக்கை வந்தால் அதற்கு எந்த மதிப்பும் இல்லை.

மூன்றாவது, உடற்கூறாய்வுக்கு முன் எக்ஸ்ரே. உள்ளே தங்கிய குண்டைக் கண்டுபிடிக்க இதுதான் வழி. குண்டை எடுக்கும்போது உலோக இடுக்கி பட்டால் அதன் மேல் உள்ள வரிக்கோடுகள் சிதையும், எந்தத் துப்பாக்கியிலிருந்து வந்தது என்பதை ஒப்பிட முடியாது. குண்டு உடலுக்குள் போன பாதையின் சாய்வையும் குறிக்கச் சொல்லுங்கள். எதிரே நின்றவரைச் சுட்டால் பாதை ஏறத்தாழ கிடையாக இருக்கும். மேலிருந்து கீழாகச் சரிந்திருந்தால், அவர் மண்டியிட்டிருந்தாரா, குனிந்திருந்தாரா, படுத்திருந்தாரா என்று கேட்க வேண்டும்.

---

கரிசல்மண்:

மூவருக்கும் நன்றி. தாழ்வாரம் ஐயா, என்கவுன்ட்டர் சாவுகளுக்கான 2014 உச்ச நீதிமன்ற வழிகாட்டுதல்களைப் பற்றி எல்லோரும் சொல்கிறார்கள். இறந்தவரின் குடும்பம் அதை எப்படிக் கையில் எடுப்பது? காலில் சுடப்பட்டு உயிரோடு இருப்பவர்களுக்கும் அது பொருந்துமா?

---

நீதிமன்றத் தாழ்வாரம்:

பொருந்தும். பி.யு.சி.எல். (மக்கள் சிவில் உரிமைக் கழகம்) எதிர் மகாராஷ்டிர மாநிலம், 2014 செப்டம்பர் 23, தலைமை நீதிபதி லோதா, நீதிபதி நாரிமன் அமர்வு. 16 கட்டளைகள். கொடுங்காய வழக்குகளுக்கும் இயன்ற வரை பொருந்தும் என்று தீர்ப்பிலேயே இருக்கிறது. 'காலில் சுட்டுப் பிடித்தனர்' என்று செய்தி வரும் வழக்குகளில் இதை யாருமே எழுப்புவதில்லை, எழுப்ப வேண்டும். அரசியல் சாசனம் 141இன்படி இது நாட்டின் சட்டம்.

குடும்பம் சரிபார்க்க வேண்டியவற்றை மட்டும் சொல்கிறேன். ரகசியத் தகவல் கிடைத்துப் போனதாகச் சொன்னால், அந்தத் தகவல் போவதற்கு முன்பே எழுத்திலோ மின்னணு வடிவிலோ பதிவாகியிருக்க வேண்டும். சாவு நேர்ந்ததும் எஃப்.ஐ.ஆர். பதிந்து தாமதமின்றி நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். எஃப்.ஐ.ஆர். எத்தனை மணிக்கு நடுவர் கைக்குப் போனது என்ற குறிப்பு மிக முக்கியம். நகலில் அந்த நேரத்தைப் பாருங்கள். புலனாய்வை சி.ஐ.டி. செய்ய வேண்டும், அல்லது வேறு காவல் நிலையக் குழு, சுட்ட குழுவின் தலைவரைவிட ஒரு படியாவது மேலான அதிகாரியின் மேற்பார்வையில். உடற்கூறாய்வு மாவட்ட மருத்துவமனையில் இரண்டு மருத்துவர்களால், வீடியோ பதிவோடு. சுட்டவர்கள் ஆயுதத்தைத் தடய ஆய்வுக்கு ஒப்படைக்க வேண்டும். நடுவர் விசாரணை எல்லாச் சாவுக்கும் கட்டாயம். தேசிய அல்லது மாநில மனித உரிமை ஆணையத்துக்குத் தாமதமின்றித் தகவல் போக வேண்டும். தேசிய ஆணையத்தின் 2010 நெறிமுறை இதற்கு 48 மணிநேரம் என்கிறது. சம்பவம் நடந்த கையோடு சுட்டவர்களுக்குப் பதவி உயர்வோ வீரப் பதக்கமோ கூடாது. வீரம் ஐயமின்றி நிறுவப்பட்ட பிறகுதான்.

இவற்றில் எது தவறினாலும் அந்தப் பகுதி அமர்வு நீதிபதியிடம் குடும்பம் நேரடியாகப் புகார் கொடுக்கலாம். இது 16ஆவது கட்டளை. உயர் நீதிமன்றத்துக்கு ஓடுவதற்கு முன் கையருகே உள்ள இந்தக் கதவைப் பலர் தட்டுவதே இல்லை. புகாரில் 'அநியாயம்' என்று பொதுவாக எழுதாமல், எந்தக் கட்டளை, எந்தத் தேதி, என்ன விடுபட்டது என்று எழுதுங்கள்.

முட்டுக்கட்டை எது என்றும் சொல்லிவிடுகிறேன்: சுட்டவர் மீது வழக்கு நடத்த அரசின் முன் அனுமதி. கூட்டக் கலைப்பு என்றால் பி.என்.எஸ்.எஸ். 151, மற்றப் பணிச் செயல்களுக்கு 218. புதிய சட்டத்தில் 218க்கு 120 நாள் கெடு வைத்திருக்கிறார்கள். அதற்குள் அரசு முடிவு சொல்லாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கொள்ளப்படும். அனுமதி கேட்கும் கடிதம் அரசுக்குப் போன தேதியைக் குறித்து வையுங்கள்.

---

வடகரை பதில்:

எல்லாம் சரி, ஆனால் நீங்கள் எல்லோரும் துப்பாக்கி விசை அழுத்தப்பட்ட நொடியிலிருந்து கதையைத் தொடங்குகிறீர்கள். உண்மையான ஓட்டை அதற்கு முந்தைய மணிநேரங்களில் இருக்கிறது.

ஹைதராபாத், 2019 டிசம்பர் 6. பாலியல் வன்கொலை வழக்கில் போலீஸ் காவலில் இருந்த நான்கு பேரை விடியற்காலையில் சம்பவ இடத்துக்குக் கூட்டிப்போனார்கள். துப்பாக்கியைப் பறித்துச் சுட்டார்கள், திருப்பிச் சுட்டோம் என்றது போலீஸ். உச்ச நீதிமன்றம் நியமித்த சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022இல் வெளியானது. ஆயுதத்தைப் பறித்தது, தப்ப முயன்றது, சுட்டது எதுவுமே நடக்கவில்லை, கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டிருக்கிறார்கள் என்றது ஆணையம். 10 போலீஸார் மீது கொலை வழக்கு விசாரணை நடத்தப் பரிந்துரைத்தது. இறந்தவர்களில் மூவர் சிறார்கள் என்றும் கண்டறிந்தது. அன்று போலீஸ் மீது பூமாரி பொழிந்த ஊர், இதைப் படித்ததா என்று தெரியவில்லை.

"தற்காப்புத் தேவை" என்பதை அந்த ஒரு நொடிக்குள் மட்டும் அளந்தால் போலீஸ் தானே உருவாக்கிய ஆபத்தைத் தானே காரணமாகக் காட்டலாம். ஆயுதத்தை எடுத்துத் தருவான் என்று காவலில் உள்ளவரை நள்ளிரவில் முட்புதருக்கு ஏன் கூட்டிப்போக வேண்டும்? வீடியோ ஏன் இல்லை? எத்தனை பேர் காவலுக்குப் போனார்கள்? இந்தக் கேள்விகளை விசாரணைக்குள் கொண்டுவர ஒரு சட்டச் சொல் வேண்டும்.

அமெரிக்காவின் கலிபோர்னியா இதைத்தான் செய்தது. 2020 ஜனவரி 1 முதல் அமலான அவர்களுடைய சட்டம், உயிர்பறிக்கும் பலம் 'நியாயமாகப் பட்டது' என்றால் போதாது, 'தேவையாக' இருந்திருக்க வேண்டும் என்று மாற்றியது. சுடுவதற்கு முன் அதிகாரி நடந்துகொண்ட விதத்தையும் கணக்கில் எடுக்கச் சொன்னது. அந்த நாடு முழுவதற்கும் அடிப்படை 1985, 1989 ஆண்டுகளின் இரண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள்தாம்: ஆபத்தில்லாத ஓடும் குற்றவாளியைச் சுடக் கூடாது என்ற கார்னர் தீர்ப்பு, 'நியாயமான அதிகாரி' அளவுகோலைத் தந்த கிரஹாம் தீர்ப்பு. நம்முடைய 43, 148 இரண்டு பிரிவுகளிலும் 'முந்தைய நடத்தையும் சேர்த்து' என்ற ஒரு வரி சேர்ந்தால் போதும், பாதி என்கவுன்ட்டர் கதைகள் நிற்காது.

---

கவாத்துத்திடல்:

வடகரை, ஹைதராபாத் பற்றி உங்களோடு எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் முந்தைய நடத்தையைச் சேர்க்கும்போது ஒரு கவனம் தேவை. ரோந்துக்குப் போன இரண்டு காவலர்கள் மீது வீச்சரிவாளோடு ஒருவர் பாய்கிறார். அங்கே "ஏன் இரண்டு பேர் மட்டும் போனீர்கள்" என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர் ஆளை அனுப்பிய அதிகாரி, சுட்ட காவலர் அல்ல. சட்டம் எழுதும்போது திட்டமிட்டவரையும் சுட்டவரையும் பிரிக்காவிட்டால் கடைசியில் சிக்குவது கடைநிலைக் காவலர் மட்டும்தான். தூத்துக்குடியிலும் துணை வட்டாட்சியர்கள் பெயரில்தான் சுடும் உத்தரவு வந்தது. மேலே இருந்தவர்களைப் பற்றிச் சொல்ல ஓர் ஆணையம் நான்கு ஆண்டு உழைக்க வேண்டியிருந்தது.

கரிசல்மண், கையேட்டில் சேர்க்க ஒன்று சொல்கிறேன். ஆயுதக் கிடங்கின் வழங்கல் பதிவேட்டை யாரும் கேட்பதில்லை. ஒரே ஒரு வரி: தேதி, நேரம், வாங்கியவரின் எண், துப்பாக்கியின் பட் நம்பர் (கட்டையில் எழுதிய அடையாள எண்), கொடுத்த தோட்டா எத்தனை, திரும்பி வந்தது எத்தனை, காலி உறை எத்தனை, கையொப்பம். கொடுத்தது 20, திரும்பியது 14 என்றால் ஆறு காலி உறை இருக்க வேண்டும். பஞ்சநாமாவில் (சாட்சிகள் முன் எழுதும் சம்பவ இடக் குறிப்பில்) நான்கு என்று எழுதியிருந்தால் மீதி இரண்டு எங்கே சுடப்பட்டன? தகவல் வந்ததாகச் சொல்லும் நேரத்துக்கு முன்பே ஆயுதம் வழங்கியதாகப் பதிவாகியிருந்தால் அது இன்னும் பெரிய கேள்வி. ரகசியத் தகவல் பதிவு, ஆயுதப் பதிவேடு, நிலையப் பொது நாட்குறிப்பு, வண்டியின் ஓட்டப் பதிவேடு ஆகிய நான்கின் நேரங்களையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

இந்த நான்கையும் உடனே கைப்பற்றி நீதிமன்றத்தில் வைக்கச் சொல்லி முதல் வாரத்திலேயே மனு போட வேண்டும். மூன்று மாதம் கழித்துக் கேட்டால், பழைய பதிவேடு முடிந்து புதிதாகத் தொடங்கியாயிற்று என்ற பதில் வரலாம்.

---

தடயம்:

அதோடு ஒன்று: அந்த மனுவிலேயே துப்பாக்கிகளின் பட் நம்பரைக் குறிப்பிட்டு, காலி உறைகளை அதே துப்பாக்கிகளோடு ஒப்பிடக் கேளுங்கள். ஒவ்வொரு துப்பாக்கியின் ஊசியும் உறையின் அடியில் தனக்கே உரிய பள்ளத்தைப் பதிக்கும். 'பொதுவாகத் தடய ஆய்வுக்கு அனுப்பவும்' என்று மட்டும் உத்தரவு வந்தால், உறை துப்பாக்கியிலிருந்து வெளிவந்ததுதான் என்ற ஒற்றை வரியோடு அறிக்கை வந்து நிற்கும். எந்த உறை எந்தத் துப்பாக்கி, யார் கையில் இருந்தது என்று கேள்வியாகவே எழுதி அனுப்ப வேண்டும்.

---

கரிசல்மண்:

நான்கு பதிவேடுகளின் நேரத்தை ஒப்பிடும் தாளைக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே வைக்கிறோம். 16ஆவது கட்டளைக்கான புகார் மாதிரி ஒன்று எழுதி அடுத்த வாரம் இங்கே இடுகிறேன். தாழ்வாரம் ஐயா ஒருமுறை பார்த்துத் திருத்தித் தாருங்கள்.